எலும்பை உடைத்தது யார்? அமெரிக்காவின் முதல் மனிதரைப் பற்றிய வழக்கு

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது புதிர்ப்போட்டி ஒன்றில், “அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்?” என்று கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு “கொலம்பஸ்” என்று சொல்லி ஒரு பென்சில் பெட்டியைப் பரிசாகப் பெற்றேன். 1492-இல் கொலம்பஸ் கப்பலிலிருந்து இறங்கியபோது கரையில் ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள் என்பதும், அவர்களுடைய மூதாதையர் அங்குக் குடியேறிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதும் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தன. பென்சில் பெட்டியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சரி, பல்லாயிரம் என்றால் எத்தனை ஆயிரம்? இந்தக் கேள்வி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் என்னிடம் வந்து சேர்ந்தது. தொல்லியல் தொடர்பான விருப்பப்பாடம் ஒன்றை எடுத்திருந்தேன். விரிவுரையாளர் வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு சொற்போர் வைத்தார். “அமெரிக்கக் கண்டத்தில் 130,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் வாழ்ந்தான்” என்பது தலைப்பு. நான் ஒட்டிப் பேசும் அணி. இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகள் சொற்போர் மேடை ஏறியவன் என்பதால் எனக்குத் துணிச்சல் அதிகம். மூன்று வாரம் தயார் செய்தேன், முழுமையாகத் தோற்றேன். தோற்ற பிறகு படித்தவைதான் தயாரிப்பின்போது படித்தவற்றைவிட அதிகம். அவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1992 நவம்பர் மாதம், கலிபோர்னியா மாநிலத்தின் சான் டியேகோ நகருக்கருகே நெடுஞ்சாலை விரிவாக்க வேலை நடந்துகொண்டிருந்தது. நிலம் வெட்டும்போது புதைபடிவம் ஏதும் தட்டுப்படுகிறதா என்று கவனிக்க, சான் டியேகோ இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் செருட்டி என்பவர் அங்கிருந்தார். மண்வாரி இயந்திரம் வெட்டிய இடத்தில் எலும்புகள் தெரிந்ததும் அந்தப் பகுதியில் வேலையை நிறுத்தச் செய்தார். அதன்பின் ஏறத்தாழ ஐந்து மாதம் அகழாய்வு நடந்தது. வெளிவந்தவை மாஸ்டடான் என்ற விலங்கின் எலும்புகள். மாஸ்டடான், யானைக்குத் தூரத்து உறவு. இன்று உலகில் எங்கும் இல்லை.

ஒரு விலங்கின் எலும்பு கிடைப்பதில் வியப்பில்லை. அவை கிடந்த விதம்தான் ஆய்வாளர்களை உறுத்தியது. உடைவதற்குக் கடினமான தடித்த தொடை எலும்புகள் நொறுங்கிக் கிடந்தன. எளிதில் ஒடியக்கூடிய விலா எலும்புகள் சில முழுதாக இருந்தன. தொடை எலும்புகளின் உருண்டைத் தலைகள் இரண்டும் அருகருகே கிடந்தன. ஒரு தந்தம் செங்குத்தாக மண்ணில் குத்தி நின்றது. சுற்றிலும் இருந்தது மெல்லிய வண்டல். ஆனால் அதற்கு நடுவே ஐந்து பெரிய கற்கள் இருந்தன. வண்டலை மட்டுமே கொண்டுவரக்கூடிய மெதுவான நீரோட்டம் இவ்வளவு பெரிய கற்களை எப்படி உருட்டி வந்திருக்க முடியும்? உடைந்த எலும்புகளின் விளிம்புகள் திருகு வடிவில் இருந்தன. காய்ந்த எலும்பு பெரும்பாலும் அப்படி உடையாது. பச்சை எலும்பே அப்படி உடையும். ஆகவே, யாரோ ஒரு கல்லைப் பட்டறையாக வைத்து, இன்னொரு கல்லைச் சுத்தியலாக்கி, எலும்பை உடைத்து மச்சையை எடுத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு.

காலத்தைக் கணிப்பதுதான் கடினமாக இருந்தது. கரிமக் காலக்கணிப்புக்கு எலும்பில் புரதம் மிச்சமிருக்க வேண்டும். இந்த எலும்புகளில் அது இல்லை. பிறகு யுரேனியம்-தோரியம் முறையைக் கையாண்டார்கள். மண்ணுக்குள் கிடக்கும் எலும்பு நிலத்தடி நீரிலிருந்து சிறிது யுரேனியத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த யுரேனியம் தெரிந்த ஒரு வேகத்தில் சிதைந்து தோரியமாக மாறும். இரண்டின் விகிதத்தை அளந்தால் எலும்பு எவ்வளவு காலமாகப் புதைந்து கிடக்கிறது என்று கணக்கிடலாம். வந்த விடை 130,700 ஆண்டுகள். முன்பின்னாக 9,400 ஆண்டுகள் கூடலாம், குறையலாம். 2017 ஏப்ரலில் ஸ்டீவன் ஹோலனும் அவருடைய குழுவினரும் ‘நேச்சர்’ ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள்.

அன்றைக்குப் பெரும்பாலான தொல்லியலாளர்கள் ஏற்றுக்கொண்டிருந்த கணக்கு ஏறத்தாழ 15,000 ஆண்டுகள். அதாவது, புதிய கணக்கு பழையதைப்போல எட்டு மடங்குக்கும் மேல்! என் அணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஹோலன் குழுவினர் தான்சானியாவில் யானை எலும்பைக் கல்லால் உடைத்துப் பார்த்து, அதே வகை உடைவுகள் கிடைத்ததாகக் காட்டியிருந்தார்கள். அந்தப் படங்களை வகுப்பில் காட்டினேன். கைத்தட்டல் கிடைத்தது.

எதிரணித் தோழி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அந்த இடத்தில் கூரான விளிம்புள்ள கற்சில்லு ஒன்றாவது கிடைத்ததா?”

கிடைக்கவில்லை. 130,000 ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழ்ந்த எல்லா மனித இனங்களும் கல்லைத் தட்டிச் சில்லு பெயர்த்து, அதன் கூரிய விளிம்பால் தோலையும் தசையையும் அறுத்தன. யானை போன்ற ஒரு விலங்கின் எலும்பை மெனக்கெட்டு உடைத்தவர்கள், அருகில் ஒரு சில்லைக்கூடப் பெயர்க்காமல், எலும்பில் ஒரு வெட்டுக் கீறலைக்கூட விடாமல் போனார்களா? எனக்குப் பதில் வரவில்லை. அப்போது, எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். “மாந்தே வெர்தேயையும் முதலில் நம்ப மறுத்தார்கள், பிறகு என்ன ஆயிற்று?” என்று குரலை உயர்த்தினேன். அது என்ன கதை என்று தெரியாதவர்களுக்காகச் சற்றுப் பின்னோக்கிப் போகிறேன்.

1908-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஃபோல்சம் என்ற சிற்றூரைப் பெருவெள்ளம் தாக்கியது. வெள்ளத்துக்குப் பின் வேலிகளைச் சரிபார்க்கக் குதிரையில் போன ஜார்ஜ் மெக்ஜங்கின், நீர் அரித்த ஓடைக்கரையில் மிகப் பெரிய எலும்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். இவர் ஒரு கறுப்பினக் கால்நடைப் பண்ணையாளர், அடிமையாகப் பிறந்தவர். அவை சாதாரண மாட்டு எலும்புகள் அல்ல என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பலரிடம் சொல்லிப் பார்த்தார். யாரும் வந்து பார்க்கவில்லை. 1922-இல் அவர் இறந்துபோனார். 1926-இல்தான் டென்வர் நகர அரும்பொருளகத்தார் அங்குத் தோண்டினார்கள். மறு ஆண்டு, பனியுகத்தோடு அழிந்துபோன ஒரு காட்டெருமை இனத்தின் விலா எலும்புகளுக்கு நடுவே, கல்லாலான ஈட்டிமுனை ஒன்று செருகிக் கிடப்பதைக் கண்டார்கள்.

அவர்கள் செய்த மிக நல்ல காரியம், அதைக் கையில் எடுக்காமல் இருந்ததுதான். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நாட்டின் முன்னணி அறிஞர்களுக்குத் தந்தி அடித்தார்கள். வந்து பார்த்தவர்களால் மறுக்க முடியவில்லை. ஈட்டிமுனையை மனிதன்தான் செய்திருக்க வேண்டும். அது மண் கலையாத அடுக்கில் இருக்கிறது. கூட இருக்கும் விலங்கு எந்தக் காலத்தது என்பதும் தெரியும். பொருள் மனிதன் செய்ததா, கிடந்த இடம் கலையாமல் இருந்ததா, சொல்லும் காலம் சரியா: இன்றுவரை ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் கேட்கப்படும் கேள்விகள் இவைதாம். மூன்றில் இரண்டு போதாது. மெக்ஜங்கினின் பெயர் அறிவியல் உலகில் பேசப்படுவதற்கு அவர் இறந்தபின் வெகு காலம் ஆயிற்று என்பதை இங்கே சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை.

1930-களில் அதே மாநிலத்தின் க்ளோவிஸ் நகரத்துக்கருகே இன்னும் பழமையான ஈட்டிமுனைகள், மாமூத் யானை எலும்புகளோடு கிடைத்தன. பின்னர் வந்த கரிமக் காலக்கணிப்பு, க்ளோவிஸ் மக்களின் காலத்தை ஏறத்தாழ 13,000 ஆண்டுகள் என்று காட்டியது. இவர்களே முதல் அமெரிக்கர் என்ற கோட்பாடு உருவானது. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் சைபீரியாவும் அலாஸ்காவும் நிலத்தால் இணைந்திருந்தன. அதன் வழியே வந்தவர்கள், கனடாவை மூடியிருந்த இரு பெரும் பனிப்பாளங்களுக்கு நடுவே ஒரு பாதை திறந்ததும் தெற்கே இறங்கினார்கள் என்று வான்ஸ் ஹேய்ன்ஸ் 1964-இல் விளக்கினார். அழகான விளக்கம். ஈட்டிமுனைகளின் காலமும் பனி உருகிய காலமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. அவ்வளவு அழகாகப் பொருந்தியதால்தானோ என்னவோ, அதற்கு முந்தியது என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் ஓட்டை கண்டுபிடிப்பதே அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு வேலையாகிவிட்டது.

அந்தச் சுவரை இடித்தது தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலுள்ள மாந்தே வெர்தே. டாம் டில்லஹே 1977 முதல் அங்கு அகழாய்வு செய்தார். சதுப்பு நிலக்கரி மூடியிருந்ததால், வேறெங்கும் மட்கிப் போயிருக்கக்கூடிய பொருள்கள் அங்கே தப்பியிருந்தன. மரக்கம்பங்கள், அவற்றில் முடிச்சிட்ட நார்க்கயிறு, மாஸ்டடான் இறைச்சித் துண்டு, காட்டு உருளைக்கிழங்கின் எச்சம், களிமண்ணில் ஒரு காலடித் தடம் ஆகியவை கிடைத்தன. காலம் ஏறத்தாழ 14,500 ஆண்டுகள் என்றார் டில்லஹே. க்ளோவிஸைவிட ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது. அதுவும் கண்டத்தின் மறுகோடியில்! இருபது ஆண்டுக்கால வாக்குவாதத்துக்குப் பின், 1997-இல், ஐயம் தெரிவித்தவர்கள் உட்பட ஓர் அறிஞர் குழு நேரில் சென்று பார்த்து ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டவர்களில் ஹேய்ன்ஸும் ஒருவர். பின்னர் அவருக்கு மீண்டும் ஐயம் வந்தது. அந்த இடத்தைப் பற்றிய வாதம் இன்னும் அடியோடு ஓயவில்லை. ஆனாலும் க்ளோவிஸ் என்ற பூட்டு உடைந்தது அன்றுதான். பனிப்பாதை திறக்கும்வரை காத்திராமல், பசிபிக் கரையோரமாகவே மக்கள் தோணிகளில் இறங்கியிருக்கலாம் என்ற கருத்து இன்று வலுவாக இருக்கிறது.

இதைத்தான் நான் வகுப்பில் ஆயுதமாக எடுத்தேன். அன்று மறுத்தவர்கள் தவறினார்கள், ஆகவே இன்று மறுப்பவர்களும் தவறுகிறார்கள் என்பது என் வாதம். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுக்கப்பட்டு, மறுக்கப்பட்டபடியே நின்றுபோனவற்றின் பட்டியலை நான் பார்க்கவே இல்லை.

அப்பட்டியலில் பெரிய பெயர் லூயிஸ் லீக்கி. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆதிமனிதப் புதைபடிவங்களைக் கண்டெடுத்து உலகப்புகழ் பெற்றவர். அவர் 1964-இல் கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் காலிக்கோ என்ற குன்றுப் பகுதியில் அகழாய்வைத் தொடங்கி வைத்தார். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கற்கருவிகள் அங்கே கிடைத்ததாக அறிவித்தார். பிற்பாடு அந்த மண் அடுக்கின் காலம் ஏறத்தாழ 200,000 ஆண்டுகள் என்றுகூடக் கணக்கிட்டார்கள். 1970-இல் அறிஞர்களை அழைத்துக் காட்டினார். பெரும்பாலோருக்கு நம்பிக்கை வரவில்லை. அவருடைய மனைவி மேரி லீக்கியும் தலைசிறந்த தொல்லியலாளர். அவரே இந்த வேலையை ஏற்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், காலிக்கோ ஒரு பழைய வெள்ளப்படிவு. மலையிலிருந்து அடித்து வரப்பட்ட கற்கள் ஒன்றோடொன்று மோதி, அழுந்தி, உடைந்து எண்ணற்ற துண்டுகளாகக் கிடக்கின்றன. அவற்றில் சில, கருவியைப் போலவே இருக்கும். இலட்சக்கணக்கான துண்டுகளிலிருந்து அப்படிப்பட்டவற்றை மட்டும் பொறுக்கி மேசைமேல் வைத்தால் பார்ப்பவர் மயங்கித்தான் போவார். 1973-இல் வான்ஸ் ஹேய்ன்ஸ் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: இயற்கையே செய்த துண்டுகளுக்கும் இவற்றுக்கும் கோடு எங்கே? நல்ல கையெழுத்துக்கும் கிறுக்கலுக்கும் நடுவே வரும் ஐயம் போன்றதல்ல இது. எழுத்தே இல்லாத சுவரில் விரிசலைப் பார்த்து ‘அ’ என்று படிப்பது போன்றது.

கல்லைப் பார்த்துச் சொல்வது அவ்வளவு கடினமா என்று நினைக்கிறவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. அதே பாடத்துக்காகப் பேராக் மாநிலத்தின் லெங்கோங்கிற்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். ஆற்றங்கரையில் விரிவுரையாளர் இரண்டு கற்களைக் கொடுத்து, எது கருவி என்று கேட்டார். கூராகவும் கைக்கு அடக்கமாகவும் இருந்ததை நான் காட்டினேன். அது வெறும் உடைந்த கல். மற்றதில், அடி விழுந்த புள்ளியும், அதற்குக் கீழே சிப்பியின் வயிறுபோல ஒரு புடைப்பும், குளத்தில் கல் எறிந்தால் விரியும் வளையங்களைப் போன்ற வரிகளும் இருந்தன. ஒரே ஓர் அடி தற்செயலாக விழலாம். ஒரே கல்லில், ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடிகள் விழுந்திருந்தால்தான் கையை நினைக்க வேண்டும் என்றார். அதே பள்ளத்தாக்கின் புக்கிட் பூனோவில், 1.83 மில்லியன் ஆண்டுகள் பழமையான கைக்கோடரி கிடைத்ததாக 2009-இல் அறிவிக்கப்பட்டது. அதையும் இன்னும் பல வெளிநாட்டு அறிஞர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள் என்பதை அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டேன். நம் நாட்டுக் கல் என்றதும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

பிரேசில் நாட்டின் கதை இன்னும் சுவையானது, சற்று வருத்தமானதும்கூட. வடகிழக்குப் பிரேசிலில் செர்ரா ட கபிவாரா என்ற பகுதியில், பெட்ரா ஃபுராடா பாறைக்குகையை நியெட் கிடோன் என்ற பெண் தொல்லியலாளர் பல்லாண்டுகள் ஆய்வு செய்தார். பாறை ஓவியங்கள் நிறைந்த அந்த நிலத்தைத் தேசியப் பூங்காவாகக் காப்பாற்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1991-இல் அது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமும் ஆயிற்று. அங்கே மனிதர் 32,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தார்கள் என்று 1986-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பின்னர் அதைவிடப் பழைய காலத்தையும் சொன்னார். 1993-இல் மூன்று அமெரிக்கத் தொல்லியலாளர்கள் நேரில் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் யார் தெரியுமா? இருபது ஆண்டுகள் ஐயப்பாட்டால் அடிபட்ட அதே டாம் டில்லஹே! குகைக்கு மேலே ஏறத்தாழ நூறு மீட்டர் உயரப் பாறைமுகடு. அங்கிருந்து கூழாங்கற்கள் காலங்காலமாக விழுந்து உடைந்திருக்கின்றன. கருவிகள் என்று சொல்லப்படுபவை அவையாக இருக்கலாம். கரித்துண்டுகள் காட்டுத்தீயின் மிச்சமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். கிடோன் தரப்பு கடுஞ்சினத்தோடு மறுப்பெழுதியது.

இதில் 2016-இல் ஒரு திருப்பம். அதே பூங்காவில் வாழும் கபுச்சின் குரங்குகள், கூழாங்கல்லை எடுத்துப் பாறையில் பதிந்த கல்லின்மேல் ஓங்கி அடித்து, அந்தத் தூளை நக்குகின்றன. அப்படி அடிக்கும்போது தெறிக்கும் சில்லுகள், ஆதிமனிதர் பெயர்த்த சில்லுகளைப் போலவே இருக்கின்றன. குரங்குகள் அந்தச் சில்லுகளைப் பயன்படுத்துவதில்லை. அவை என்னவென்றே கவனிப்பதில்லை. ஆக, விழுந்த கல்லா, மனிதன் உடைத்த கல்லா என்று இருந்த ஐயத்தில் குரங்கும் வந்து சேர்ந்துகொண்டது. கிடோன் 2025-இல் காலமானார். தம் முடிவை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

மெக்சிகோவின் சிகிஹுய்த்தே குகையும் இதே வகை. 26,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கற்கருவிகள் என்று 2020-இல் அறிவித்தார்கள். குகைக்கூரையிலிருந்து உதிர்ந்த துண்டுகள் என்று அடுத்த ஆண்டே மறுப்பு வந்துவிட்டது.

இப்படியே போனால் பழமையான சான்று எதையும் யாரும் ஏற்கவே மாட்டார்களா? ஏற்பார்கள். அதற்குத்தான் ஒயிட் சேண்ட்ஸ் இருக்கிறது.

நியூ மெக்சிகோவின் ஒயிட் சேண்ட்ஸ் தேசியப் பூங்கா, வெள்ளை ஜிப்சம் மணல் நிறைந்த இடம். பனியுகத்தில் அங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் சேற்றில் மனிதரும் விலங்குகளும் நடந்த தடங்கள் இறுகிப் படிந்துவிட்டன. மேத்யூ பென்னட் குழுவினர் 2020-இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு எனக்கு அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஒரு பெண்ணோ இளவயதினரோ ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் சேற்றில் வேகமாக நடக்கிறார். ஒரு பக்கத் தடம் அகலமாகச் சறுக்கியிருக்கிறது, இடுப்பில் குழந்தை. நடுநடுவே குழந்தையின் சிறு தடங்கள் தோன்றுகின்றன, இறக்கிவிட்டு இளைப்பாறியிருக்கிறார். பிறகு அதே வழியில் திரும்பி வருகிறார். அப்போது குழந்தையின் தடம் இல்லை. போன தடத்துக்கும் திரும்பிய தடத்துக்கும் இடையில் ஒரு மாமூத் குறுக்கே போயிருக்கிறது. ஸ்லோத் எனப்படும் பேருருவ விலங்கு ஒன்றும் அங்கே வந்து, பின்னங்கால்களில் எழுந்து நின்று திரும்பியிருக்கிறது; மனித வாடையை முகர்ந்திருக்க வேண்டும். இத்தடங்களுக்குச் சொல்லப்படும் வயது குறைந்தது 10,000 ஆண்டுகள். குழந்தையை எங்கே விட்டார், யாரிடம் கொடுத்தார் என்பதைச் சேறு சொல்லவில்லை.

அதே பூங்காவின் இன்னோர் இடத்தில், அடுக்கடுக்கான மண்ணில் வேறு தடங்கள் கிடைத்தன. பெரும்பாலும் சிறுவர், பதின்ம வயதினருடையவை. தடங்களுக்கு மேலும் கீழும் ரூப்பியா என்ற நீர்ப்புல்லின் விதைகள் இருந்தன. அவற்றைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் என்று வந்தது. 2021 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பனிப்பாளங்கள் கனடாவை முழுமையாக மூடியிருந்த காலம் அது. அப்போதே இவர்கள் தெற்கில் இருந்தார்கள் என்றால், அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

இங்கே முதல் கேள்விக்கு இடமே இல்லை. ஐந்து விரலும் குதிகாலும் பதிந்த தடத்தைக் குரங்கின் மேலோ, பாறைச்சரிவின் மேலோ சாட்ட முடியாது. தடம் பதிந்த மண்ணை வெள்ளம் பெயர்த்து வந்து வைத்ததென்றும் சொல்ல முடியாது. மிஞ்சியது மூன்றாம் கேள்வி, அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் நியாயமான பிடிதான். நிலத்தில் வளரும் செடி காற்றிலிருந்து கரிமத்தை எடுத்துக்கொள்கிறது. நீருக்குள் வளரும் புல் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து வந்திருந்தால், அதில் பல இலட்சம் ஆண்டுப் பழைய கரிமம் கலந்திருக்கும். அதைக் குடித்து வளர்ந்த புல், உண்மையான வயதைவிட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்ததாகக் காட்டும். பிறந்த அன்றே நரைத்த குழந்தை மாதிரி.

பென்னட் குழுவினர் கோபப்பட்டுக் கட்டுரை எழுதுவதோடு நிற்கவில்லை. அதே அடுக்குகளிலிருந்து ஊசியிலை மரங்களின் மகரந்தத் துகள்களைப் பிரித்தெடுத்தார்கள். அவை நிலத்து மரங்கள், காற்றின் கரிமம். ஒரு மாதிரிக்கே ஆயிரக்கணக்கான துகள்கள் வேண்டும். பொறுமையை எண்ணிப் பாருங்கள். கூடவே, குவார்ட்ஸ் மணல்துகள்கள் கடைசியாக எப்போது வெயில் பட்டன என்பதைக் கணக்கிடும் வேறொரு முறையையும் கையாண்டார்கள். 2023 அக்டோபரில் முடிவு வந்தது: பழைய கணக்கே. 2025-இல் முதல் ஆய்விலும் பங்கு பெற்றிருந்த வான்ஸ் ஹாலிடேயின் குழுவினர், பழைய ஏரியின் சேற்றையே ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். மீண்டும் 20,700 முதல் 22,400 ஆண்டுகள் வரை வந்தது. இன்னும் சிலர் ஒப்பவில்லை. ஒரு கற்கருவியோ அடுப்போ ஏன் அங்கே இல்லை என்று கேட்கிறார்கள். சேற்றில் நடந்து போகிறவர் தம் சாமான்களைப் போட்டுவிட்டா போவார் என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. என்னைக் கேட்டால், மூன்று தனித்தனிப் பொருள்களிலிருந்து ஒரே காலம் வந்த பிறகு மறுப்பவர்தாம் இனி மாற்றுக்கதை சொல்ல வேண்டும்.

இப்போது செருட்டி மாஸ்டடானுக்குத் திரும்பி வருவோம். அங்கே மூன்றாம் கேள்வி ஓரளவு உறுதியானது. யுரேனியக் கணக்கில் பெரிய ஓட்டையை யாரும் காட்டவில்லை. ஆனால் அந்தக் கணக்கு சொல்வது எலும்பு புதைந்த காலத்தை. உடைத்தது யார் என்பதை அது சொல்லாது. சாலை போட வந்த கனரக இயந்திரங்கள் மேலே ஓடிய அழுத்தத்தில் புதைந்திருந்த எலும்புகள் நொறுங்கியிருக்கலாம் என்பது எதிர்ப்பாளர்களின் முக்கிய வாதம். உடைந்த முகங்களின்மேல் சுண்ணாம்புப் படிவு ஒட்டியிருக்கிறது, அது படியப் பல்லாண்டுகள் ஆகும், ஆகவே உடைவு பழையதுதான் என்று ஹோலன் தரப்பு பதில் சொல்கிறது. நல்ல பதில்தான். ஆனால் பழைய உடைவு என்றால் மனிதன் உடைத்ததாகத்தான் இருக்க வேண்டுமா? மற்ற யானைகளும் மாஸ்டடான்களும் மிதித்திருக்கலாமே? கல்லால் அடித்தால் எலும்பு இப்படி உடையும் என்று தான்சானியாவில் காட்டினார்கள். வேறு எதனாலும் இப்படி உடையாது என்று காட்டவில்லை. இரண்டும் வேறு வேறு என்பது மேடையில் நின்றபோது எனக்கு விளங்கவில்லை.

மரபணுவும் உதவிக்கு வரவில்லை. மொன்டானா மாநிலத்தில் க்ளோவிஸ் கருவிகளோடு புதைக்கப்பட்ட குழந்தை ஒன்றின் மரபணு வரைபடம் 2014-இல் வெளியானது. ஏறத்தாழ 12,700 ஆண்டுப் பழமையான அக்குழந்தையின் மூதாதையரும், இன்றைய அமெரிக்கப் பூர்வகுடிகளின் மூதாதையரும் ஆசியாவிலிருந்து வந்தவர்களே. 130,000 ஆண்டுகளுக்கு முன் வந்த யாரோ ஒருவருடைய சுவடு அதில் இல்லை. வந்தவர்கள் வாரிசில்லாமல் அழிந்திருக்கலாம் என்று சொல்லலாம், நானும் சொன்னேன். நடுவே ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு ஒரு கல்லும் ஓர் எலும்பும் அகப்படாமல் போனது எப்படி என்று திருப்பிக் கேட்டார்கள்.

சொற்போர் முடிந்தபின் விரிவுரையாளர் என்னிடம், “நீ எந்த ஆதாரத்தை முதலில் படித்தாய்?” என்று மட்டும் கேட்டார். ஒட்டிப் பேச வேண்டிய அணி என்று தெரிந்தவுடன், ஒட்டியவற்றை மட்டுமே தேடிப் படித்திருந்தேன். நம் விழா மேடைகளில் இருபதாயிரம், ஐம்பதாயிரம் ஆண்டு என்று எண்களை அள்ளிவிட்டுக் கைத்தட்டல் வாங்கியபோதும் நான் அப்படித்தான் தயார் செய்தேன் என்பது நினைவுக்கு வந்தது. மறுப்புரைகளை அந்த விடுமுறையில்தான் படித்தேன்.

செருட்டியின் அகழாய்வுக்குப் பிறகு அங்கே சாலை போட்டாகிவிட்டது. எலும்புகளும் கற்களும் சான் டியேகோ அரும்பொருளகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதே வயதுள்ள வண்டலில், வேறு ஏதாவது ஓர் இடத்தில், அடுத்தடுத்து அடி விழுந்த தடங்களோடு விரல்நீளக் கற்சில்லு ஒன்று அகப்பட்டால் போதும். மறுபடியும் அந்த அணியில் உட்கார நான் தயார்.